மூன்றாம் ஓலை

முதல் ஓலை வாசித்தபோது சைமன்ராஜ் பாதித் தூக்கத்தில் இருந்தான். நெய்வேலிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவன், வீட்டுப் பக்கம் போகாமல் நேரே கோயிலுக்கு வந்துவிட்டான். காது மடலில் கரித்தூள் அப்படியே ஒட்டியிருந்தது. கடைசி பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தால் சாய்ந்துகொள்ளலாம். ஆயர் பிரசங்கத்தில் மூன்றாவது குறிப்புக்கு வருவதற்குள் ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிடலாம். இன்றைக்கு மட்டும் தூங்காதே என்று தம்பி ஆனந்த்ராஜ் முதல் நாளே சொல்லி வைத்திருந்தான். இன்றைக்கு அவனுடைய ஓலை.

கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளை பேரையும் பெண் பேரையும் சபையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்பார்கள். எழுதுவது காகிதத்தில்தான். பேர் மட்டும் ஓலை. அந்தக் கோயில் கட்டின நாளிலிருந்து ஆட்சேபணை என்று ஒருத்தரும் எழுந்து நின்றதில்லை. கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த அறிவிப்புக்குப் போய்விடுவதுதான் வழக்கம்.

ஆயருக்கு மூன்று சபை. அதனால் அறிவிப்புகளை எல்லாம் சபைச் செயலர் பாக்கியசாமிதான் வாசிப்பார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, கனத்த குரல். மைக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு மைக்கிலேயே பேசுகிற மனுஷன்.

"இச்சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற ஏசுவடியான் அவர்கள் இளைய குமாரன் ஆனந்த்ராஜ் என்பவருக்கும், காடாம்புலியூர் தங்கராசு அவர்கள் குமாரத்தி எஸ்தர் என்பவருக்கும் பரிசுத்த விவாகம் செய்ய நிச்சயிக்கப்பட்டிருப்பதால்..."

சைமன்ராஜ் கண்ணைத் திறந்தான். பக்கத்தில் ஆனந்த்ராஜ் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான்.

"யாருடா எஸ்தர்?"

"தெரியலண்ணே."

"உனக்கே தெரியலையா?"

முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்த்து உஷ் என்றார். அதற்குள் பாக்கியசாமி, பெண்கள் ஐக்கியத்தின் ஊறுகாய் விற்பனைக்குப் போய்விட்டார்.

தங்கராசுவுக்கு ஒரே மகள். பேர் அன்புக்கரசி. காடாம்புலியூரில் முந்திரிக்கொட்டை உடைக்கிற ஷெட்டில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊர் ஏரியில் ஞானஸ்நானம் எடுத்தவள். கொடுத்தவரும் இதே திருச்சபையைச் சேர்ந்த கிராம ஊழியர்தான். சான்றிதழில் அன்புக்கரசி என்றே இருந்தது. அந்தச் சான்றிதழைச் செயலர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தவனே சைமன்ராஜ்தான்.

ஆராதனை முடிந்து ஜனம் கலைகிற நேரம், போர்ட்டிகோவில் செயலரைப் பிடித்தான்.

"ஐயா, ஸ்தோத்திரம். ஓலையில பேர் தப்பா வந்துடுச்சுங்க."

"தப்பா வரல. நாந்தான் போட்டேன்." பாக்கியசாமி சிரித்தார். "அன்புக்கரசின்னு ஓலை வாசிக்க முடியுமாப்பா? கட்சி மாநாட்டுல அடுத்துப் பேசுவார்னு கூப்பிடற மாதிரி இருக்கு. அரசின்னா ராணி. வேதத்துல ராணி யாரு? எஸ்தர். சும்மா இல்ல, யோசிச்சுப் போட்டிருக்கேன்."

"அவளைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு? கிறிஸ்தவப் பேர் இல்லாம எடுத்தது அரைகுறை ஞானஸ்நானம். ரெண்டு வாரம் கழிச்சு சனிக்கிழமை கூட்டியா. ஆயர் ரெண்டு சொட்டுத் தெளிச்சு, எஸ்தர்னு சொல்லிடுவார். ஞானஸ்நானம் எதுக்கு இருக்கு? பேர் வைக்கத்தானே?"

சைமன்ராஜுக்குத் தூக்கம் முழுசாகக் கலைந்தது. அவன் வேதாகமக் கல்லூரியில் இரண்டரை வருஷம் படித்துவிட்டுப் பாதியில் வந்தவன். ஏன் வந்தாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு காரணம் சொன்னான். சபையில் அவனுக்கு அரை ஆயர் என்று பேர். ஆனால் அந்த இரண்டரை வருஷத்தில் ஒன்று மட்டும் மண்டையில் ஆணி அடித்த மாதிரி நின்றிருந்தது. ஞானஸ்நானத்தில் தலைமேல் சொல்லப்படுகிற நாமம் பிதாவுடையது, குமாரனுடையது, பரிசுத்த ஆவியுடையது. முங்குகிறவனுக்குப் பேர் வைப்பதற்காக யாரும் யோர்தானில் இறங்கவில்லை. ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் என்றுதான் அப்போஸ்தலன் எழுதி வைத்திருக்கிறான். இரண்டாவது தடவை கொடுத்தால் முதல் தடவை கடவுள் ஊரில் இல்லை என்று அர்த்தம்.

இதையெல்லாம் சொல்ல வாயெடுத்தான். பாக்கியசாமி அவன் தோளில் தட்டினார்.

"ராத்திரி டூட்டி பார்த்துட்டு வந்திருக்க. போய்ப் படு, அரை ஆயரே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனந்த்ராஜும் சிரித்தான். அதுதான் சைமன்ராஜுக்கு அதிகம் வலித்தது.

*

திங்கட்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துக் காடாம்புலியூர் போனான். ஷெட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். வறுத்த தோலின் புகை கண்ணைக் கரித்தது. அன்புக்கரசி கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள். கொட்டையின் எண்ணெய் பட்டுப்பட்டு அவள் விரல்கள் நகக்கண் வரைக்கும் கறுத்துக் கிடந்தன. எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. போன ஈஸ்டருக்கு நெய்வேலி கோயிலில் திருவிருந்து அப்பத்துக்குக் கை நீட்டியபோது, ஒரு அம்மாள் முழங்கையால் இடித்து, கை கழுவிட்டு வா என்றாள். கழுவிட்டுத்தான் வந்தேன் என்று இவள் நீட்டிய கையை நீட்டியபடியே நின்றாள்.

"என்னா மாமா, இந்நேரத்துல?"

சொன்னான்.

"எஸ்தரா? எனக்குத்தான் பேரு இருக்குதே."

"இருக்குது. அவருக்குப் பிடிக்கலையாம்."

"ஏரியில நின்னப்ப அந்தப் பாஸ்டரு கேட்டாரு, பேர மாத்திக்கிறியாம்மான்னு. அப்பறம் அவரே, தேவன் அன்பாவே இருக்குறாருன்னு எழுதிகிடக்குது, உம் பேர்ல என்னா கொறச்சல்னு சொல்லிட்டு முக்கி எடுத்தாரு. பாசி வாய்க்குள்ள பூட்டுது. ரெண்டு நாளு வாந்தி." அவள் சாம்பலை உதறினாள். "இப்ப மறுக்காத் தெளிக்கிறாங்களாம்னா, அன்னைக்கி ஏரியில முங்குனது என்னா, குளிச்சதா?"

சைமன்ராஜுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டரை வருஷப் படிப்பில் எந்தப் பேராசிரியரும் இவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

"நீ வேணாம்னா வேணாம். நான் பேசறேன்."

"சண்ட போட்டுகினு நிக்காதீங்க மாமா. ஒங்க வாயி எனக்குத் தெரியும். மொத அவுருகிட்ட தனியா போயி சொல்லுங்க. அப்பிடித்தான செய்யச் சொல்லி இருக்குது?"

அப்படித்தான் சொல்லியிருக்கிறது. சகோதரன் குற்றம் செய்தால் முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் போய்ச் சொல். கேட்காவிட்டால் இரண்டொரு பேரைச் சேர்த்துக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். மூன்று படி. ஓலைக்கும் மூன்று ஞாயிறு. அவன் பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தான்.

*

செவ்வாய்க்கிழமை காலையில், குளித்துவிட்டு, பாக்கியசாமியின் குவார்ட்டர்ஸுக்குப் போனான். கேட்டில் சின்னத் தகரப் பலகை தொங்கியது. வெள்ளைப் பெயின்ட்டில் எழுத்து: க. மாரிமுத்து, ஃபோர்மேன்.

இதில் ரகசியம் ஒன்றுமில்லை. சுரங்கத்தில் அவர் மாரிமுத்து சார். கோயிலில் பாக்கியசாமி ஐயா. வேலைக்குச் சேர்ந்தபோது காகிதத்தில் கிறிஸ்தவன் என்று எழுதியிருந்தால் பிறந்த சாதிக்கான சலுகை போயிருக்கும். அது சட்டம். சேரியில் இருந்தவன் ஞானஸ்நானம் எடுத்த மறுநாளே சேரியை விட்டு வெளியேறிவிட்டதாகச் சட்டம் நினைத்துக்கொண்டது. ஊர் அப்படி நினைக்கவில்லை. அதனால் சபையில் பாதிப் பேருக்கு இரண்டு பேர். ஒருத்தரை ஒருத்தர் கேட்பதில்லை.

சைமன்ராஜின் அப்பா ஏசுவடியான் மட்டும் கேட்ட இடத்திலெல்லாம் உள்ளதை எழுதினார். ஆண்டவரை ஆபீஸ் வாசல்ல விட்டுட்டு உள்ளே போக மாட்டேன் என்பார். கடைசி வரைக்கும் கான்ட்ராக்டில், கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்தியதை வாரிப் போட்டே செத்தார். மகன்களும் கான்ட்ராக்ட்தான். அப்பா செய்தது விசுவாசமா வீம்பா என்று சைமன்ராஜ் எத்தனையோ ஷிப்டில் யோசித்திருக்கிறான். முடிவுக்கு வந்ததில்லை.

பாக்கியசாமி நாற்காலி போட்டார். சுவரில் இந்த வீட்டின் தலைவர் கிறிஸ்துவே என்று பலகை. காபி வந்தது.

"ஐயா, சபைக்கு முன்னால வேணாம்னு தனியா வந்தேன். அவ பேரை அப்படியே வாசிச்சுடுங்க. மறு ஞானஸ்நானம் நம்ம உபதேசத்துலயே கிடையாது."

"உபதேசம் எனக்குச் சொல்லித் தரியா? நான் இருபத்திரண்டு வருஷமா செயலர்."

"எஸ்தர்னு வச்சீங்களே, அந்தப் பொண்ணுக்கு அது ரெண்டாவது பேருங்க. முதல் பேர் அத்சாள். அரண்மனைக்குப் போனப்ப, தான் எந்த ஜனம்னு வெளியே சொல்லாதேன்னு, அவளை வளர்த்த மொர்தெகாய் சொல்லிக் குடுத்து அனுப்பினான். அவளும் சொல்லாம இருந்தா. எஸ்தர்ங்கிறது அங்கே புழங்கின பேர்."

பாக்கியசாமியின் காபி டம்ளர் பாதி வழியில் நின்றது. ஜன்னல் வழியாகக் கேட் தெரிந்தது. பலகை காற்றில் லேசாக ஆடியது.

"மிரட்டறியா?"

"இல்லீங்க."

"எனக்கு இன்னும் நாலு மாசம்தான் சர்வீஸ். ஒரு மொட்டைக் கடுதாசி போதும், பென்ஷனை நிறுத்திப்புடுவாங்க. அதைச் சொல்லிக் காட்டத்தானே வந்தே?"

"ஐயா, நீங்க ரெண்டு பேர் வச்சிருக்கறதை நான் குத்தம் சொல்ல வரல. வயித்துக்கு அப்படிச் செய்ய வச்சாங்க, செஞ்சீங்க. ஆனா நீங்க ஒரு பேரை வச்சுக்கிட்டு அந்தப் பக்கம் போனீங்க, இன்னொரு பேரை வச்சுக்கிட்டு இந்தப் பக்கம் வந்தீங்க. அவகிட்ட ஒரே பேர்தான் இருக்கு. அதை வச்சுக்கிட்டு உள்ளே வந்தா உங்களுக்கு என்ன?"

பாக்கியசாமி எழுந்தார். "காபி குடிச்சாச்சுன்னா கிளம்பு."

குடிக்கவில்லை. கிளம்பினான்.

*

இரண்டாம் ஞாயிறு பாக்கியசாமி வாசித்தார்: "காடாம்புலியூர் தங்கராசு அவர்கள் குமாரத்தி எஸ்தர் என்கிற அன்புக்கரசி."

இது விட்டுக்கொடுத்ததாம். ஆயர் அப்படித்தான் சொன்னார். சைமன்ராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்கிற! போலீஸ் ஸ்டேஷன் பலகையில் திருடன் படத்துக்குக் கீழே போடுகிற வார்த்தை. பட்டாக்கத்தி என்கிற முருகேசன். பிளேடு என்கிற பக்கிரி. அந்த வரிசையில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் தம்பியை இழுத்துக்கொண்டு ஆயர் அறைக்குள் போனான். ஆயரும் தம்பியும் இரண்டு சாட்சி. எதிரே பாக்கியசாமி. அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்த ஆயர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த சபைக்குப் பதினொன்றரைக்குள் போயாக வேண்டும்.

"சைமன், இது உபதேசப் பிரச்சினை இல்லப்பா. நிர்வாகப் பிரச்சினை. செயலர் மனசும் கோணக் கூடாது."

"ஆண்டவர் மனசு கோணினா பரவாயில்லீங்களா? அந்தக் கிராமத்துப் பாஸ்டர் பிதா குமாரன் பரிசுத்த ஆவி நாமத்துலதானே குடுத்தார்? செல்லுமா செல்லாதா? அதைச் சொல்லுங்க."

"செல்லும்." ஆயர் இருமினார். "செல்லாதுன்னு நான் எப்படிச் சொல்றது?"

"அப்பறம் எதுக்கு ரெண்டாவது?"

"அது வந்து, ஒரு ஒழுங்குக்காக..."

"சனிக்கிழமை அவ வரலைன்னா மூணாம் ஓலை கிடையாது," என்றார் பாக்கியசாமி. "நீங்க வேற கோயில் பாத்துக்கலாம். பத்திரிகை அடிச்சாச்சு, தேதி குறிச்சாச்சு. யோசிச்சுக்குங்க."

வெளியே வந்து சைக்கிளை எடுக்கும்போது ஆனந்த்ராஜ் முனகினான்.

"ரெண்டு சொட்டுத் தண்ணிதானண்ணே. துடைச்சா போச்சு. கூப்பிடறப்ப நாம அன்புன்னே கூப்பிட்டுக்கலாம்."

"உன் பொண்டாட்டி ஞானஸ்நானம் உனக்குத் துடைச்சா போற தண்ணியாடா?"

"கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஆளோட பேரை எவன் மாத்தினான் தெரியுமா வேதத்துல? தானியேலுக்கும் அவன் கூட்டாளிங்க மூணு பேருக்கும் பேர் மாத்தினவன் பாபிலோன்காரன். அடிமையாப் பிடிச்சுட்டுப் போனவன். சபைக்கு இப்போ அந்த உத்தியோகம்."

ஆனந்த்ராஜ் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தினான். அவனுக்குக் கோபம் வந்து சைமன்ராஜ் அதிகம் பார்த்ததில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். உன் கோவம் அவ பேருக்கா, அவரு பர்மனென்ட்டுக்கா? அப்பா எழுதின எழுத்துக்கு நாம கான்ட்ராக்ட்ல கிடக்கறோம். அவரு எழுதாததுக்கு குவார்ட்டர்ஸ்ல இருக்காரு. அதுக்குத்தானே துள்ளறே?"

சைமன்ராஜ் சைக்கிளை மிதித்தான். வீட்டுக்கு வந்து படுத்தான். தூக்கம் வரவில்லை. கொடியில் காய்ந்த சட்டையில் மின்நிலையத்துச் சாம்பல் படிந்திருந்ததைப் பார்த்தபடியே கிடந்தான். தம்பி சொன்னதில் பாதி உண்மை. பாதி என்பதுகூடக் குறைச்சல். தன் கோபத்தில் எவ்வளவு ஆண்டவருடையது, எவ்வளவு அவனுடையது என்று பிரித்தெடுக்க முடியவில்லை. ஆனால் அவன் கோபம் அழுக்கு என்பதால் அவர் செய்தது சுத்தமாகிவிடுமா? ஆகாது. அதுவரைக்கும் தெளிவாக இருந்தது.

*

சனிக்கிழமை அன்புக்கரசி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அப்பா தங்கராசுவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். கோயிலுக்குள் கால் வைத்திராத மனுஷன். துண்டை இடுப்பில் கட்டலாமா தோளில் போடலாமா என்று தெரியாமல் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஆண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் சைமன்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எம்மவ பேரப் படிப்பாங்களாமே தம்பி?"

"படிப்பாங்க மாமா."

சொல்லும்போது சைமன்ராஜுக்கு நிச்சயமில்லை. அவள் சனிக்கிழமை வராததால் ஓலையே இருக்காது என்றுதான் நினைத்தான். ஆனால் பாக்கியசாமி காகிதத்தை எடுத்தார். கண்ணாடியைச் சரிசெய்தார்.

"ஆனந்த்ராஜ் என்பவருக்கும், காடாம்புலியூர் தங்கராசு அவர்கள் குமாரத்தி எஸ்தர் என்பவருக்கும்..."

என்கிற போய்விட்டது. அன்புக்கரசியும் போய்விட்டாள். சைமன்ராஜ் தம்பியைப் பார்த்தான். ஆனந்த்ராஜ் தரையைப் பார்த்தான்.

"கல்யாணத்தன்னைக்குக் காலையில வந்து தெளிச்சுக்குவான்னு சொல்லிட்டேண்ணே," என்றான் உதடு அசையாமல். "அப்பதான் படிக்கறேன்னாரு. அவகிட்டயும் இப்ப வாசல்ல சொன்னேன்."

தங்கராசு சைமன்ராஜின் முழங்கையைத் தொட்டார். "வேற யாரு பேரோ படிக்கறாங்களே தம்பி. எம் பேரச் சொன்னாங்க, எம்மவளக் காணுமே?"

"...ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது தெரிவிக்கலாம். இது மூன்றாம் ஓலை. அடுத்த அறிவிப்பு..."

"இருக்கு," என்று சைமன்ராஜ் எழுந்தான்.

கோயிலே திரும்பியது. சொந்தத் தம்பி கல்யாணத்துக்கு அண்ணன் ஆட்சேபணை சொல்வதை அங்கே யாரும் கேட்டதில்லை.

"என்ன ஆட்சேபணை?" ஆயர்தான் கேட்டார். பாக்கியசாமி மைக்கை விட்டு ஓரடி தள்ளி நின்றார். ஒரே ஒரு வார்த்தைக்குத்தான் அவர் பயந்துகொண்டிருந்தார். சைமன்ராஜ் நாக்கு நுனியில் அது இருந்தது. மாரிமுத்து. ஐந்தே எழுத்து. சபையில் சொல்லிவிட்டால் சபைப் பேச்சு நாளைக்கு ஆபீஸ் பேச்சு. முப்பது வருஷம் ஒரே நிமிஷத்தில் காலி.

சபைக்குச் சொல் என்றுதான் இருக்கிறது. ஆனால் சபைக்குச் சொல்ல வேண்டியது அவர் அன்புக்கரசிக்குச் செய்த குற்றத்தை. அவரை உலகம் செய்ய வைத்ததை அல்ல. பாக்கியசாமி பென்ஷனை இழந்தால் ஏசுவடியான் பர்மனென்ட் ஆகிவிடப் போவதில்லை. அன்புக்கரசிக்குப் பேரும் திரும்பி வராது. அந்த வார்த்தையை விழுங்கினான். கசந்தது. இரக்கம் என்று அதற்குப் பேர் வைக்க அவன் தயாராக இல்லை.

"எஸ்தர்னு ஒரு பொண்ணே கிடையாதுங்க. இல்லாத ஆளுக்கு ஓலை வாசிச்சுட்டீங்க, ஒருக்கா இல்ல, மூணு தடவை. என் தம்பி கட்டிக்கப் போறது அன்புக்கரசியை. அவ ஏரியில ஞானஸ்நானம் எடுத்தவ. பிதா குமாரன் பரிசுத்த ஆவி நாமத்துல. அந்த நாமம் போதாதுன்னு இந்தச் சபை சொல்லுது. போதும்னா போதும்னு சொல்லுங்க. போதாதுன்னா, இங்க இருக்கற அத்தனை பேரும் சனிக்கிழமை வரிசையில நில்லுங்க. எல்லாருக்கும் சேர்த்தே தெளிச்சுடுவோம். முதல்ல நான் நிக்கறேன்."

"உக்காருப்பா," என்றார் யாரோ. "அண்ணன்காரனே கெடுக்கறான் பாரு," என்று பெண்கள் பக்கம் ஒரு குரல்.

பெண்கள் பக்கத்திலிருந்து அன்புக்கரசி எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்த கை, கறுத்த கை, எல்லாரும் பார்க்க இருந்தது.

"எம் பேரு அன்புக்கரசிங்க. கூப்புட்டா திரும்புவன். எஸ்தருன்னு கூப்புட்டா திரும்ப மாட்டன். கல்யாணத்தன்னைக்கிம் தெளிச்சுக்க மாட்டன்." அவள் ஆனந்த்ராஜைப் பார்த்தாள். "யாரு என்னா வாக்கு குடுத்திருந்தாலும் சரி."

ஆனந்த்ராஜின் காது சிவந்தது. ஆனாலும் எழுந்து நின்றான். நின்றான், அவ்வளவுதான்.

ஆயர் கண்ணை மூடித் திறந்தார். அன்றைக்கு அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

"ஞானஸ்நானம் செல்லும்," என்றார். "போன வாரமே நான் இதை வெளியில சொல்லியிருக்கணும். ஆனா ஆட்சேபணை வந்தா ஓலை ரத்து. அது நம்ம முறை. திரும்ப முதல் ஓலையிலிருந்து ஆரம்பிக்கணும்."

அடித்து வைத்த பத்திரிகையில் இருந்த தேதி அத்தோடு போயிற்று. அம்மா மரியபுஷ்பம் அன்றைக்கு முழுக்க மூத்த மகனுக்குச் சோறு போடவில்லை.

*

புதன்கிழமை காலை சைமன்ராஜ் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பாக்கியசாமி பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தார். முதல் ஷிப்டுக்கான நீலச் சட்டை. அதில் இருந்த பேர் மாரிமுத்து.

"நீ அதைச் சொல்லல," என்றார்.

"சொல்லல."

"நன்றிப்பா."

"எனக்கு எதுக்குங்க நன்றி? நாக்கு வரைக்கும் வந்துச்சு."

பாக்கியசாமி ரோட்டைப் பார்த்தார். "ஆபீஸ்ல எவன் கூப்பிட்டாலும் மாரிமுத்து. ஆஸ்பத்திரி சீட்டுலயும் அதுதான். கோயில்ல மட்டும்தான் நான் பாக்கியசாமி. அந்த ஒரு இடமாவது சுத்தமா இருக்கட்டும்னு..."

"அதுக்கு அவளைத் தேய்ச்சுக் கழுவணுமா?"

முதல் ஷிப்ட் பஸ் வந்தது. ஏறும்போது படியில் நின்று திரும்பினார். "எப்படி எழுதணும்? நடுவுல க்க உண்டா?"

"சான்றிதழ் உங்ககிட்டதான் இருக்கு. பாத்து எழுதுங்க," என்றான் சைமன்ராஜ். நல்லபடியாகச் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை.

அடுத்த ஞாயிறு தங்கராசுவும் வந்தார். துண்டு இந்தத் தடவை தோளில் இருந்தது. பாக்கியசாமி காகிதத்தை எடுத்தார். குரலில் அந்தக் கனம் இல்லை.

"ஆனந்த்ராஜ் என்பவருக்கும், காடாம்புலியூர் தங்கராசு அவர்கள் குமாரத்தி... அன்பரசி என்பவருக்கும்..."

"க்க வுட்டுட்டீங்க ஐயா," என்று பெண்கள் பக்கமிருந்து குரல் வந்தது. "அன்புக்கரசி."

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். பாக்கியசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி ஆரம்பத்திலிருந்து வாசித்தார். அந்தப் பேரிடம் வந்ததும் ஒவ்வொரு எழுத்தாக, சின்னப் பிள்ளை போல, வாசித்தார்.

"ஆட்சேபணை உள்ளவர்கள் இப்போது தெரிவிக்கலாம்."

கேட்டுவிட்டு அவர் ஊறுகாய்க்குப் போகவில்லை. காகிதத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தார். ஆண்கள் பக்கம் பார்த்தார். பெண்கள் பக்கம் பார்த்தார். கடைசி பெஞ்சைப் பார்த்தார். சைமன்ராஜ் தலையசைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. இரவெல்லாம் விழித்த கண் எரிந்தது. மூடாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது முதல் ஓலை," என்று சொல்லிப் பாக்கியசாமி காகிதத்தை மடித்தார்.